நெல்சேகர்

கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையொன்றில்தான் என் நாவலைக் கணினியில் ஏற்றக் கொடுத்தேன். அங்கே தட்டச்சு செய்த அம்மாவின் கண்ணாடிக்கு ஒரு பக்கம் காம்பு கிடையாது, ரப்பர் பேண்டுதான். ஒவ்வொரு வரியையும் உதடசைத்துப் படித்துக்கொண்டே அடிப்பார்.

நாவலில் வரும் மணல் திருடன் பெயர் மணி. எங்கள் இலக்கிய வட்டத் தலைவர் பெயரும் மணி. வம்பு வேண்டாமென்று கடைசி நேரத்தில் 'சேகர்' என மாற்றச் சொன்னேன். ஒரே பட்டனில் மாற்றிக் கொடுத்தார்.

வெளியீட்டு விழாவில் நாலு பேர் வழிய வழியப் புகழ்ந்தார்கள். "ஒரு சொல்லைக்கூட மாற்ற முடியாது" என்று சொல்லி எனக்குச் சால்வை போர்த்தினார் தலைவர்.

கூட்டம் கலைந்ததும் அந்த அம்மா புத்தகத்தோடு வந்தார். "தப்பு நடந்துபோச்சு சார். மணின்னு வந்த எடமெல்லாம் மாறிடுச்சு. காலைல ஆறு சேகர்க்கு பஸ் வருது. நெல்மணி நெல்சேகர் ஆயிடுச்சு. பேசுனவங்க யாருமே இதச் சொல்லலையே?"

"ஒருத்தனும் படிச்சிருக்க மாட்டானுங்கம்மா. த்தூ!" என்றேன்.

"மாத்துனப்புறம் ப்ரூஃப் பாக்க உங்ககிட்டதானே சார் குடுத்தேன்?"

குத்திக்காட்டக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அந்தச் சால்வையைத் தொட இன்றுவரை எனக்கு அருவருப்பாக இருக்கிறது.