துபாயிலிருந்து சலாலா: 1,200 கிலோமீட்டர், ஒரு ஹாரன்

ஓமானிலுள்ள சலாலாவுக்குக் காரில் போவதைப் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருந்தீர்கள். நான் போனது சென்ற ஜூலையில், அங்கே சாரல் பெய்யும் காலத்தில். ஆனால் சாரல் பார்க்கப் போகவில்லை. வழி முழுக்கப் பயந்துகொண்டே போனேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கல்லூரி பேண்டு குழுவில் ஒரு வழக்கம் உண்டு. அணிவகுப்பு கிளம்பும் முன் பெரிய டிரம் ஒரு அடி அடிக்கும். சின்ன டிரம்கள் இரண்டு அடி திருப்பி அடிக்கும். ‘இருக்கியா?’, ‘இருக்கேன்’ என்று பொருள். வளைகுடாவுக்கு வந்த பிறகும் அதை நாங்கள் விடவில்லை. துபாய், மஸ்கட், தோஹா, சலாலா என்று பழைய பேண்டுக்காரர்களுக்கு ஊருக்கொரு கிளை இருக்கிறது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை துபாய்க் கிளை வாட்ஸ்அப்பில் ‘டம்’ என்று போடும். மற்றவர்கள் ‘டம் டம்’ என்று பதில் போடவேண்டும். சலாலாவிலிருந்து நான்கு மாதமாகப் பதிலே இல்லை. எல்லாக் கிளைகளும் கூடும் விழாவுக்குப் பட்டியல் போட்டபோது, “சலாலாவ எடுத்துரலாம், அங்க இருக்கறதே மூணு பேரு” என்றார்கள். ‘நான் நேரில் போய்ப் பேசிப் பார்க்கிறேன்’ என்றேன். காரணத்தை மட்டும் சொல்லவில்லை.

சலாலாக் கிளை என்றால் முருகேசன்தான். கல்லூரியில் நான் பெரிய டிரம், அவன் எனக்கு வலப்பக்கம் சின்ன டிரம். இப்போது எலக்ட்ரீசியன், தொழிலாளர் கேம்ப்பில் இருக்கிறான். மார்ச்சில் அவனுடைய கம்பெனி அவனைத் துபாய் அல் கூஸில் ஒரு கிடங்கு வேலைக்குப் பத்து நாள் அனுப்பியது. ஒரு மாலை போன் செய்து, “மச்சான், உன் பில்டிங் கீழதான் நிக்கிறேன்” என்றான். என் வீட்டில் என் மேனேஜர் குடும்பத்தோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் முன்னால் இவனை மேலே கூப்பிடக் கூச்சமாக இருந்தது. “டியூட்டில இருக்கேன்டா” என்றேன். பிறகு பால்கனிக்குப் போய்ப் பார்த்தேன். வேலை உடுப்போடு, கையில் இனிப்புப் பெட்டியோடு, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துகொண்டிருந்தான். அவன் அண்ணாந்து பார்த்தானா என்று எனக்குத் தெரியாது. அந்த மாதத்திலிருந்துதான் ‘டம் டம்’ நின்றது.

காலை 5 மணிக்குக் கிளம்பி, அல் ஐன் வழியாக எல்லையைத் தாண்டினேன். வெளியேறும் கட்டணம் 35 திர்ஹம். இப்ரி, ஆதம் கடந்து ஹைமா சேர்ந்தபோது மாலை 4:30. அதுவரை ஏறக்குறைய 750 கிலோமீட்டர். லாட்ஜ் அறைக்கு 18 ரியால். ஏசி நன்றாக இருந்தது, தூக்கம்தான் வரவில்லை. அவனிடம் என்ன சொல்வது என்று மறுநாளும் கார் ஓட்டியபடியே சத்தமாகப் பேசிப் பார்த்தேன். எல்லாமே பொய் மாதிரி இருந்தது.

அன்று மதியம் 2 மணிக்கு, மலைக்கு முந்தைய ஊரான தும்ரைத். டீக்கடை வைஃபையில் முருகேசனுக்கு, ‘டம். நான்தான். மூணு மணி வாக்குல மலை இறங்குறேன்’ என்று அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. டீ போட்ட மலையாளி, “சாரே, தாழே கோடமஞ்சாணு. பதுக்கெ போணே” என்றார். கீழே மூடுபனி, மெல்லப் போங்கள் என்கிறார். பனிதானே என்று நினைத்தேன்.

நாற்பது கிலோமீட்டர் வெயில். அதற்குப் பிறகு ஒரு திருப்பத்தில் உலகமே வெள்ளையாகிவிட்டது. காரின் பானெட் கூட மங்கலாகத்தான் தெரிந்தது. பள்ளம் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பின்னால் லாரி வருமோ, முன்னால் ஒட்டகம் நிற்குமோ என்று பயந்து, மஞ்சள் கோட்டைத் தாண்டி ஓரமாக நிறுத்தினேன். என் துபாய் சிம்மில் சிக்னல் இல்லை. என்ன தோன்றியதோ, ஹாரனை ஒரு தடவை அடித்தேன்.

ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு தடவை அடித்தேன்.

முன்னாலிருந்து இரண்டு ஹாரன் வந்தது.

மெல்ல உருட்டிப் போனேன். ஓரத்தில் ஒரு பிக்கப் வண்டி, நான்கு விளக்கும் மின்னிக்கொண்டு நின்றிருந்தது. நான் நெருங்கியதும் கிளம்பியது. அணிவகுப்பில் வழியைப் பார்க்கக்கூடாது, பக்கத்து ஆளின் தோளைப் பார்த்து நடக்கவேண்டும் என்பார்கள். நான் அந்தச் சிவப்பு விளக்குகளை மட்டும் பார்த்தேன். இருபது கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரமானது.

போகிறவர்களுக்குத் தேவையானதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மனம் வராது. காருக்கு ஓமான் இன்சூரன்ஸ் கட்டாயம். ஓமான் சிம் வாங்குங்கள், நான் சோம்பல்பட்டு வாங்கவில்லை. ஹைமாவில் டாங்க்கை நிரப்புங்கள். மூடுபனியில் ஹை பீம் போடாதீர்கள், கண்தான் கூசும். மலையைத் தனியாக இறங்காமல் யாராவது ஒருவருக்குப் பின்னால் இறங்குங்கள்.

கீழே, முதல் ரவுண்டானா தாண்டி பிக்கப் நின்றது. இறங்கினேன். ஒத்திகை பார்த்ததைத் தொடங்குவதற்குள், முருகேசன் முகத்துச் சாரலைத் துடைத்தபடி வந்தான்.

“டியூட்டி முடிஞ்சுதாடா?” என்றான்.

அன்றைக்கு அண்ணாந்து, பால்கனியில் என்னைப் பார்த்திருக்கிறான்.

“முடிஞ்சுது மச்சான்” என்றேன்.

“சரி, வா. சாப்பிடலாம்.”

கேம்ப் ரூமில் ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களோடு அவனுடைய ஃபோர்மேனும் இருந்தார். நான் வாசலிலேயே தயங்கி நின்றேன். முருகேசன் என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்து, முதலில் அந்த ஃபோர்மேன் முன்னால்தான் கொண்டுபோய் நிறுத்தினான்.

“சார், இவன் என் ஃபிரண்டு. துபாய்லேர்ந்து என்னைப் பாக்கவே வந்திருக்கான்.”