ஓடைக் கோப்பின் அறுபத்தொன்றாம் பக்கம்

திங்கட்கிழமை காலை 6.10. களமருதூரில் டவுன் பஸ் ஏறினேன். உளுந்தூர்பேட்டைக்குப் பன்னிரண்டு ரூபாய். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. ஒன்று எழுதாவிட்டால் இன்னொன்று எழுதும். நான் எதையும் முன்யோசனையோடு செய்கிறவன்.

"இன்னா பெரியவரே, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றார் கண்டக்டர்.

"சர்க்கார் ரெக்கார்டுல என் பேரு இருக்குது. பாத்துட்டு வரப் போறேன்."

"பட்டாவுலயா?"

"பட்டாவுல ஊர்ல இருக்கிற எல்லார் பேருந்தான் இருக்குது. இது ஓடையச் சுத்தம் பண்ண ரெக்கார்டு. அதுல சாட்சி நான்."

"அப்ப வரும்போது சொல்லுங்க, பேரப் பெரிய எழுத்துல போட்டுக்கிறாங்களா, சின்ன எழுத்துலயான்னு."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயர் ஏழுமலை. மூன்றாம் வகுப்போடு நின்றவன். பதினான்கு வயதில் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு ஜவ்வரிசி மில்லில் மரவள்ளிக்கிழங்கு தோல் உரிக்கும் கூலியாகச் சேர்ந்தேன். இன்று சொந்தமாக இரண்டு டிராக்டர், ஒரு நெல் அறுவடை மெஷின். அதே மில்லுக்குக் கீழே ஓடையோரம் நான்கு ஏக்கர் வாங்கினேன். கூலிக்காரனாக நின்ற இடத்தில் நிலக்காரனாக நிற்க வேண்டும் என்று வைராக்கியம். நின்று காட்டினேன். அந்த நிலத்தை இப்போது அஞ்சலை என்ற பெண் குத்தகைக்குப் பயிர் செய்கிறாள்.

அந்த ஓடை கறுத்து நுரைத்து ஓடிய காலத்தில் முதல் மனு கொடுத்தவன் நான். அதன் பிறகுதான் தூர் வாரினார்கள், மில்லுக்குள் சுத்திகரிப்புத் தொட்டி கட்டினார்கள். "என்னால் சுத்தமான ஓடை" என்று பத்துக் கல்யாண வீட்டிலாவது சொல்லியிருப்பேன்.

போன வாரம் அஞ்சலை போன் செய்தாள். "பெரியப்பா, கெணத்துத் தண்ணி ஒரு வருசமா மறுபடியும் புளிச்ச வாட அடிக்குது. மாடு மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்குது. அடுத்த வேல எப்ப வருமாம்? உங்களுக்குத்தான் ஆபீசுல அவ்ளோ செல்வாக்காச்சே, கேட்டுச் சொல்லுங்க." கேலி பண்ணுகிறாளா என்று தெரியவில்லை. சரி, கேட்டுவிடுவோம், அப்படியே ரெக்கார்டில் என் பெயரையும் பார்த்துவிடுவோம் என்று கோப்பைப் பார்வையிட மனுப் போட்டேன். இந்தத் திங்களுக்கு வரச் சொன்னார்கள்.

காலை 8.40. கள்ளக்குறிச்சி. உளுந்தூர்பேட்டையிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர். பேருந்து நிலையத்தில் இரண்டு இட்லி, ஒரு வடை. சாம்பார் பரவாயில்லை.

காலை 10.30. எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. தப்பு அவர்களுடையது அல்ல என்று பின்னால் உங்களுக்கே தெரியும். பதிவறையில் முப்பது வயது இருக்கும் ஒரு பெண். என்னை உட்கார வைத்து, நாடா கட்டிய கோப்பை மேசையில் வைத்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையில் எண்.

முதல் பக்கம் என் மனு. அடியில் என் கையெழுத்து. அதைப் பற்றிச் சொல்ல வேண்டும். மில்லில் கைநாட்டு வைக்கிறவனுக்கு மேஸ்திரி வேலை கிடையாது என்றார்கள். ஒரே மாதத்தில் கையெழுத்துப் பழகினேன். முதல் எழுத்திலிருந்து கடைசி வரை பேனாவை எடுக்காமல் போட்டு, கீழே ஒரு சுழி இழுப்பேன். பேங்க் மேனேஜர்கள் பாராட்டிய கையெழுத்து.

பிறகு படங்கள். கறுப்பு நுரையோடு ஓடை. பொக்லைன் இறங்கி நிற்கும் ஓடை. டிராக்டரில் சேறு. எத்தனை நடை சேறு, எங்கே கொட்டினார்கள், யார் பார்வையிட்டார்கள், எல்லாம் வரிசையாக இருந்தது. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஓடைத் தண்ணீரைச் சோதித்த தாளும் இருந்தது. நல்ல தண்ணீர் என்றுதான் போட்டிருந்தது. மேலே தேதி பார்த்தேன். ஆடி மாதம். ஆடியில் மில் ஓடாது.

"அம்மா, அடுத்த கட்ட வேலை எப்ப?"

அவள் தயங்கினாள். "ஐயா, ரெண்டாம் கட்டத்துக்கான ஓடைங்க பட்டியல் நாளைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேலிடத்துக்குப் போவுது. உங்க ஓடை அதுல இல்லைங்க. பணி முடிஞ்சதா மூடியாச்சு."

"எத வச்சி மூடுனீங்க?"

"மில் ஓடற மாசத்துல எடுத்த ஆதாரம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது. அறுபத்தொண்ணாம் பக்கம் பாருங்க."

பார்த்தேன். எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பேன். விரலை வைத்துப் படித்தேன். வாக்குமூலம். "ஆலையில் தெளிந்த நீரே தற்போது ஓடையில் செல்கிறது. படித்துப் பார்த்தேன், சரி." அடியில் சுழியோடு என் கையெழுத்து. பக்கத்தில் ஒரு பெருவிரல் ரேகை.

மறுபடியும் முதலிலிருந்து விரலை வைத்துப் படித்தேன். பங்குனி வெயில், மின்விசிறி வேறு ஓடவில்லை, எனக்குக் குளிர்ந்தது.

இதை விளக்கியாக வேண்டும். மில்லில் கிழங்கை அரைத்து, வரும் மாவுப் பாலைத் தொட்டியில் விடுவோம். மாவு அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் தண்ணீரை மடை திறந்து விடுவோம். அதற்கு எங்கள் மில்லில் தெளிஞ்ச தண்ணி என்று பெயர். அதுதான் கழிவு. பார்வைக்குப் பழுதிருக்காது, இரண்டு நாள் தேங்கினால் குடலைப் பிடுங்கும். இரண்டு வருஷம் முன்பு, தொட்டி கட்டியும் இன்னும் ஓட்டாத சமயம், ஓடையைப் பார்வையிட வந்த அதிகாரி, "இப்ப இதுல என்ன தண்ணி போகுது?" என்று கேட்டார். மில் வேலை தெரிந்தவன் என்று காட்ட, "மில்லுல தெளிஞ்ச தண்ணிதான் சார் போகுது!" என்று சத்தமாகச் சொன்னேன். நான் புகார் சொன்னேன். சுத்திகரித்துத் தெளிந்த தண்ணீர் என்று அவர் எழுதிக்கொண்டார்.

மில் வாசலுக்குத் திரும்பி எழுதி முடித்ததும், "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க" என்றுதான் தாளை நீட்டினார். சுற்றி ஆறு பேர் நின்றார்கள். விரலை வைத்துப் படித்தால் கால் மணி நேரம் ஆகும். ஏழுமலைக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். "நான் சொன்னதுதானே சார், இதுல படிக்க இன்னா இருக்குது" என்று ஒரே இழுப்பில் போட்டேன்.

என் சுழியால் அஞ்சலையின் கிணறு மூடிய கோப்புக்குள் போய்விட்டது.

"மாத்தி எழுதும்மா" என்றேன்.

"தனியா முடியாதுங்க. ரெண்டு சாட்சியும் நேர்ல வந்து மறு வாக்குமூலம் குடுக்கணும். நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள வந்தா, பட்டியல்ல சேக்கச் சொல்லி நான் குறிப்பு வைக்கிறேன்."

ரேகை வைத்தவன் வெள்ளையன். கரியாலூரில் மரவள்ளி போடுகிறவன். அன்று கிழங்கு லோடு இறக்கிவிட்டு மில் வாசலில் நின்றவனை நான்தான் சாட்சிக்கு இழுத்தேன். அவன் கொட்டாய்ப் பக்கம் டவர் இல்லை. நேரில் போனால்தான் உண்டு.

பிற்பகல் 2.15. கச்சிராயபாளையம் பஸ். பதினைந்து கிலோமீட்டர், பதின்மூன்று ரூபாய். இருபுறமும் கரும்பு. வழியில் மில்லைத் தாண்டும்போது பஸ்ஸில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நான் பொத்தவில்லை. பொத்த எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

3.30. கச்சிராயபாளையத்தில் மலை பஸ். பஸ் வளைந்து வளைந்து ஏறியது. கோமுகி அணைத் தண்ணீர் கீழே தகடுபோல் தெரிந்தது. மேலே ஏற ஏறக் காற்றில் ஈரம். சரிவெல்லாம் மரவள்ளி. இந்தக் கிழங்குதான் கீழே வந்து ஓடையைப் புளிக்க வைக்கிறது; செடியைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு பச்சை.

5.40. கரியாலூர். வெள்ளையன் களைக்கொத்தோடு எதிரே வந்தான்.

"வாய்யா பெரிய மனுசா! வழி தவறிட்டியா?"

விஷயத்தைச் சொன்னேன். களைக்கொத்தைக் கீழே வைத்தான்.

"எனக்குப் படிச்சுக் காட்டுனாங்களே. 'தெளிந்த நீர் போகுது, சரியா?'ன்னு கேட்டாங்க. நானும் சரின்னேன்."

"நீ ஓடையப் பாத்தியே வெள்ளையா! கண்ணு இல்லயா உனக்கு?"

"நான் எங்கய்யா பாத்தேன்? மில்லு வாசல்ல நின்னவன நீ இழுத்துக்கினு போய் ரேகை வைக்கச் சொன்னே. இவ்ளோ பெரிய ஆளு, டிராக்டர் வச்சிருக்கிறவரு, பொய்யா சொல்வாருன்னு வச்சேன்."

என்னை நம்பித்தான் வைத்திருக்கிறான். அலுவலகத்தில் பட்ட அடியைவிட இது பலமாகப் பட்டது.

செவ்வாய் காலை 6.30. அவன் கொட்டாய்க்குப் பின்னால் பாறை இடுக்கில் ஓர் ஊற்று. வெள்ளையன் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தான். அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம்.

"இதுதான்யா எங்களுக்குத் தெளிஞ்ச தண்ணி. மழ பேஞ்சா கலங்கும், நின்னா தெளியும், குடிப்போம். உங்க மில்லுல சாக்கடைக்கு இந்தப் பேர வச்சிருக்கீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நானும் அள்ளிக் குடித்தேன். பல் கூசியது. ஐம்பது வருஷம் அந்த வார்த்தையைச் சொன்னவன், அன்றுதான் அதன் அர்த்தத்தைக் குடித்தேன்.

காலை 8.45 பஸ்ஸில் இருவரும் இறங்கினோம். வெள்ளையனின் ஒரு நாள் களையெடுப்பு போயிற்று. கூலி தருகிறேன் என்றேன். "வச்சுக்கோய்யா, உன் பணத்த" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பிற்பகல் 12.50. ஓடையோர நிலம். இரண்டு வருஷமாக நான் அங்கே போகவில்லை. தூர் வாரிய கரை அழகாகத்தான் இருந்தது. நடுவில் சாம்பல் நிறத்தில் தண்ணீர் படலம் கட்டி நின்றது. தூரத்தில் அஞ்சலையின் பசு வேலியோரம் மேய்ந்துகொண்டிருந்தது. அவள் கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து என் காலடியில் வைத்தாள். தெளிவாக இருந்தது. குனிந்ததும் புளித்த வாடை மூக்கில் ஏறியது.

நான் செய்ததைச் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். தலைமுடியை அள்ளிச் செருகினாள்.

"படிக்கத் தெரியலன்னா தெரியலன்னு சொல்றது. நாங்கல்லாம் சொல்லல? இதுல இன்னா கவுரவம்?"

"நான் படிப்பேன். மெதுவாப் படிப்பேன்."

"அப்ப மெதுவாப் படிச்சிருக்கலாமே பெரியப்பா. அந்தக் கால் மணி நேரத்துக்கு நான் ஒரு வருசமா அரை மைல் நடந்து தண்ணி தூக்கிக்கினு இருக்கேன்."

வாட்டர் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு அவளும் எங்களோடு பஸ் ஏறினாள்.

மாலை 3.50. அதே பதிவறை. அந்தப் பெண் புதுத் தாளில் எழுத ஆரம்பித்தாள். "தெளிந்த" என்று பேனா போனதும், "அந்த வார்த்தையே வேணாம்மா" என்றேன். "மாவு தங்கிய பின் மேலே நிற்கும் கழிவு நீர்" என்று எழுதினாள்.

"மாடு குடிக்கலன்னு எழுதும்மா. அதுக்கு நான் சாட்சி" என்றாள் அஞ்சலை.

"கால்நடைகள் அருந்துவதில்லை" என்று எழுதினாள்.

"அப்பிடி வேணாம்" என்றேன். "மாடு குடிக்கலன்னே போடு. யாரும் வேற மாதிரி எடுத்துக்க முடியாது."

அடித்துவிட்டு அப்படியே எழுதினாள். எழுதி முடித்ததும் தாளை நீட்டினாள். பேனாவை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

"நான் படிக்கணும்" என்றேன்.

விரலை முதல் எழுத்தின் அடியில் வைத்தேன். அறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். வாய்விட்டுத்தான் எனக்குப் படிக்க வரும். ஓ, டை, யில், ஓடையில். ஒரு பையன் வாயைப் பொத்திக்கொண்டான். காது சுட்டது. கடிகாரத்தில் 4.20. அவசரமாகத் தாவினேன், இரண்டு வார்த்தை விட்டுப்போயிற்று.

"மெதுவாப் படிய்யா" என்றான் வெள்ளையன். "அன்னிக்கு அவசரப்பட்டது போதும்."

திரும்ப முதலிலிருந்து படித்தேன். யாரும் சிரிக்கவில்லை. 4.40க்குக் கையெழுத்துப் போட்டேன். வெள்ளையன் ரேகை வைத்தான். அஞ்சலை தன் பெயரை நான்கு எழுத்தாகப் பிரித்து நிதானமாக எழுதினாள். குறிப்போடு தாள் பட்டியலுக்குப் போனது 4.52.

"வேலை வந்துருமாம்மா?"

"பட்டியல்ல சேந்துருச்சுங்க ஐயா. அதுக்கு மேல நான் சொல்ல முடியாது."

"அந்தப் பழைய பக்கத்தக் கிழிச்சுப் போட்டுரும்மா."

"கோப்புல இருந்து எந்தப் பக்கத்தையும் எடுக்கக் கூடாதுங்க. அதுவும் இருக்கும், இதுவும் இருக்கும்." சிவப்பு மையில் புதுத் தாளுக்கு எண் போட்டாள். எண்பத்துநான்கு.

இரண்டையும் புரட்டிப் பார்த்தேன். இரண்டிலும் என் கையெழுத்து ஒரே அழகு. சுழிகூட ஒரே மாதிரி. எது மெய், எது தப்பு என்று கையெழுத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

மாலை 7.15. உளுந்தூர்பேட்டை. அதே டவுன் பஸ், அதே கண்டக்டர்.

"இன்னா பெரியவரே, பேரு இருந்துச்சா?"

பன்னிரண்டு ரூபாயை எண்ணிக் கொடுத்தேன்.

"இருக்குதுப்பா. ரெண்டு எடத்துல இருக்குது."

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பஸ் வெளிச்சத்தில் அதைக் கையில் பிடித்து, அதில் அச்சடித்திருந்ததைக் களமருதூர் வரும்வரை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தேன்.