ஷாலினி குனிகிறாள்

கால்களை நீட்டி உட்கார்ந்து, மூச்சை விட்டபடி ஷாலினி குனிகிறாள். விரல் கணுக்காலைத் தொட்டுவிட்டது. கட்டைவிரலுக்கு இன்னும் ஒரு சாண் இருக்கிறது. "வந்துரும் பெரிப்பா, நீ பாத்துனே இரு" என்கிறாள், என்னைப் பார்க்காமலே.

இடம், கோட்டைக்குப்பத்தில் என் ஐஸ் கிடங்கு. மீன் ஏலம் முடிந்து கழுவிவிட்டால் மத்தியானம் அது அவளுக்கு. மூன்றாம் வகுப்போடு நின்ற நான் தலைச்சுமை தூக்கிக் கட்டிய கிடங்கு. இந்த ஊரில் இத்தனை சமமான தரை வேறு எவனிடமும் கிடையாது. அறுபத்தெட்டு வயதில், சம்மணத்திலிருந்து கை ஊன்றாமல் எழுந்தும் காட்டினேன். "உனுக்கு இன்னா, காஞ்ச வாளை மாரி கீற. என்னை மாரி கொழுத்த கொடுவாவா இருந்து பாரு" என்றாள்.

அவளுக்கு வயது இருபத்துமூன்று. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் நாற்காலி வேலை, ஆஸ்டல் சோறு. வேண்டாமென்று திரும்பி வந்தபோது ஆள் இரண்டு மடங்கு. கிடங்கில் முதலில் பாட்டுப் போட்டு வலமும் இடமும் குதிப்பாள். மீன் பெட்டிகள் அதிரும். வலை தைக்கும் தேவதாஸ் எட்டிப் பார்த்து, "இன்னாமே, கெடங்கு இடிஞ்சா யாரு கட்றது?" என்பான். "நீயும் வந்து ஆடுண்ணா, தொப்பை கரையும்" என்று பதில் போகும். வியர்த்த பிறகு, போனில் ஓர் அம்மாள் சொல்லச் சொல்ல யோகா. அந்த அம்மாள் சிரித்த முகமாய் இருக்கச் சொல்கிறாள். இவளால் ஆகாது, பறி என்கிற ஓலைக்கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் செய்கிறாள்.

எங்கள் பெண்கள் ஏரியில் இறால் பிடிப்பதே அப்படித்தான். பறி பல்லில் தொங்க, இரு கையும் சேற்றைத் துழாவ, குந்தியபடியே வரிசையாய் நகர்வார்கள். நடுவில் ஒருத்தி எழுந்தால் போதும், இறால் சிதறிவிடும். வந்த புதிதில் ஷாலினியும் இறங்கினாள். முட்டி தாங்கவில்லை, எழுந்துவிட்டாள். வரிசை முழுக்கத் திட்டியது. அவளைப் பெற்ற அம்மணியே சொன்னாள்: "நீ கரையிலயே இருடி. நாலு பேரு பொழப்பு இது."

"எதுக்கு இந்தப் பாடு? எங்கிட்ட வா, ஏலத்துல உக்கார வெக்கிறேன்" என்றேன். நான் கூப்பிட்டு வராத ஆள் இந்தக் குப்பத்தில் இல்லை. அவள் வரவில்லை.

"அதில்ல பெரிப்பா. தண்ணீல போம்போது எங்கம்மா தோளு எந்தோள்ல இடிச்சினே வரும். கரையில அம்மா எங்க நிக்குது, ஓடினே கீது."

இன்று காலை பெண்கள் இறங்கி, வரிசை தூரமாய்ப் போன பிறகு, கணுக்கால் தண்ணீரில் ஷாலினி குந்தினாள். குதிகால் தரையில் பதிந்தது. முட்டி மடங்கியே நின்றது.

"அங்க இன்னாமே கெடைக்கும்? நத்தைகூட கெடையாது!" என்று கத்தினேன்.

கண்ணை மூடி, சேற்றைத் துழாவியபடி ஒரு முழம் நகர்ந்தாள். பிறகு இடது தோளை, ஆளில்லாத பக்கமாய், மெல்லச் சாய்த்து வைத்துக்கொண்டாள்.