பாத்தியில் போட்ட பனங்காடு

வந்திருந்தவர்கள்: தலைவர், ஓய்வுபெற்ற என்ஜினியர். நாங்கள் குடியேறிய நார்த்மீட்டில் கூட்டம் நடந்த வீடு அவருடையது. அவர் மனைவி அன்ரி. தேத்தண்ணியும் வடையும் அவர் பொறுப்பு. சென்னைத் தம்பி, கம்ப்யூட்டர் வேலை. அறிக்கை எழுதுவார், படம் போடுவார். பிறகு நான். பேக்கரியில் வேலை. என்னைச் சேர்த்ததற்குக் காரணம், பனை நட என்னிடம் ஊரில் காணி இருந்தது.

காணி முல்லைத்தீவுப் பக்கம், கடற்கரையோரம். தங்கை அங்கே இருக்கிறாள். சண்டைக் காலத்தில் பனைகளில் பாதியைப் பங்கர்க் குழி மூடத் தறித்தார்கள். மீதியின் தலையை ஷெல் கொண்டுபோனது. மறிக்க மரமில்லை. கடல் மணல் காற்றோடு வந்து கிணற்றை மூடுகிறது. ஒவ்வொரு வருடமும் அள்ளுகிறாள். கிணறு போனால் அவளும் அங்கே இருக்க முடியாது.

"நாட்டைக் கட்டியெழுப்புறது எண்டால் றோட்டும் பாலமும் மட்டுமில்லை. மரமும்தான்," என்றார் தலைவர். நல்ல பேச்சு. அதற்கு முன்பு, பெயர்ப்பலகையை எந்தப் பக்கம் பார்த்து வைப்பது என்பதில் ஒரு மணி நேரம் போயிருந்தது.

பனங்கொட்டையை எப்படி நடுவது என்பதற்கு அவ்வளவு நேரம் எடுக்கவில்லை.

"பாத்தி கட்டி நெருக்கமா நடச் சொல்லுங்க அங்கிள்," என்றார் தம்பி. "டிரோன்ல ஒரே சதுரமா தெரியும்."

"ஓம், வடிவா இருக்கும்."

எல்லோரும் கை தூக்கினோம். நானும் தூக்கினேன். எங்கள் வீட்டில் கடல் தொழில்; பனை நட்டுப் பழக்கமில்லை.

தங்கை நட்டுவித்தாள். டிரோன் படம் வந்தது. தலைவர் பெரிதாக்கிச் சுவரில் மாட்டினார். மண் மட்டும் தெரிந்தது. கீழே 'காடு' என்று எழுதியிருந்தது.

தை கழிந்து அடுத்த கூட்டம். ஊருக்குப் போய் வந்த ஒருவரிடம் தங்கை புழுக்கொடியல் கொடுத்துவிட்டிருந்தாள். பனங்கிழங்கை அவித்துக் காயவைத்தது. தேங்காய்ச் சொட்டுத் துண்டுகளோடு கடித்தோம்.

"எங்கட மண்ணின்ர ருசி," என்றார் தலைவர். கட்டுப்பல். ஆனாலும் விடவில்லை.

நன்றி சொல்லத் தங்கைக்கு வீடியோ கோல் எடுத்தேன்.

"எந்தக் கடையில வாங்கினது பிள்ளை?" என்றார் அன்ரி.

"கடையோ? உங்கட பாத்தியில கிண்டினது அன்ரி. மரத்துக்கெண்டு சொன்னன். 'மரத்துக்கெண்டால் வேலியோட தள்ளித் தள்ளியெல்லோ போடுறது, பாத்தி கட்டினால் கிழங்குக்குத்தானே' எண்டு சனம் சிரிச்சுச் சிரிச்சுக் கிண்டுது. அடுத்த வருசமும் போடுவியளோ எண்டு கேக்குதுகள்."

சப்புகிற சத்தம் நின்றது.

அன்ரி கணவரைத் திரும்பிப் பார்த்தார். "இஞ்சாருங்கோ, அரைவாசிக் காட்டை நீங்கள் ஒராள் திண்டிட்டியள்."

தலைவர் வாயில் இருந்ததை விழுங்கினார். "தம்பி, இதை அறிக்கையில எப்பிடிப் போடுறது?"

"உணவுப் பாதுகாப்புன்னு போட்டுடலாம் அங்கிள்."

"நல்லது. போடும்."

நான் தங்கையிடம் கேட்டேன். "அப்ப மரத்துக்கு ஒண்டும் மிஞ்சேல்லையோ?"

"மிஞ்சின கொட்டையளைக் கடற்கரைப் பக்கம், மிதிவெடி இருக்கெண்டு ரேப் நாடா கட்டின காணித் துண்டுக்க எறிஞ்சவை அண்ணை. அதுக்க கிண்ட ஒருத்தரும் போகேல்லை. முளைச்சு நிக்குது."

"எத்தினை?"

"பொறுங்கோ."

போனோடு நடந்தாள். ரேப்புக்கு இந்தப் பக்கம் நின்று விரல் நீட்டி எண்ணினாள்.

பதினேழு.