இடுப்பில் ஒரு பை

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு ‘ஏழரை அக்கா’ என்று பெயர். நாங்கள் உருவாக்கும் இணையதளம் வெளியாகும் முன் அதைச் சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. பதினொரு வருடமாக அவர் பிடித்த பிழைகளுக்குக் கணக்கில்லை, வாங்கிய திட்டுக்கும்தான்.

அன்றைக்கு மருத்துவமனை முன்பதிவுக்கான தளம். மதியத்துக்குள் வெளியிட வேண்டும். அக்கா வழக்கம்போல மடிக்கணினிப் பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, நின்றபடியே, இடக்கைக் கட்டைவிரலால் போனில் தட்டிப் பார்த்தார்.

“தம்பி, பதிவே ஆகலை.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “எனக்கு நூறு தடவை ஆச்சுக்கா. உட்கார்ந்து ரெண்டு கையாலயும் பாருங்க. யாரு இப்படி சர்க்கஸ் பண்ணிக்கிட்டு பதிவு பண்ணுவாங்க?”

அக்கா பையை என் இடுப்பில் ஏற்றினார். போனை இடக்கையில் திணித்தார். ‘உறுதி செய்’ பொத்தான் திரையின் வலது ஓரத்தில் இருந்தது. எக்கிய கட்டைவிரல் அதற்கு முன்னாலேயே இருந்த ‘ரத்து செய்’யில் பட்டு, நிரப்பியதெல்லாம் அழிந்தது. மூன்று முறையும் அதே கதை. பை வேறு நழுவியது.

“இது வெறும் பைதான் தம்பி,” என்றார் அக்கா. “காய்ச்சல் அடிச்சு அழாது.”