இடைவேளையில் வந்த படம்

சீரியல் படப்பிடிப்பில் காஸ்ட்யூம் பெண் எனக்காகப் புதுச் சேலையைப் பிரித்தாள். அந்தக் கஞ்சி வாசனையில் வில்லியனூர்க் கடைத்தெருவில் இருந்த எங்கள் ஜவுளிக்கடைக்கே போய்விட்டேன்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. டூரிங் கொட்டகையில் காட்டுவதற்குக் கடைக்கு ஒரு விளம்பர ஸ்லைடு எடுக்க ஏற்பாடாகியிருந்தது. சேலை கட்டி நிற்க மெட்ராஸிலிருந்து வருவதாகச் சொன்ன பெண் வரவில்லை.

"நம்ம பொண்ணே நிக்கட்டுமே," என்றாள் அம்மா.

"ஊரு இன்னா பேசும்?" என்றார் அப்பா.

"நம்ம கட, நம்ம சேல. ஊருக்கு இன்னா?" என்று சொல்லி, மாம்பழ நிறக் கைத்தறிச் சேலை ஒன்றை அம்மா எனக்குக் கட்டிவிட்டாள்.

தீபாவளியன்று மூவரும் படம் பார்க்கப் போனோம். இடைவேளையில் திரையில் நான் வந்ததும் பின்னாலிருந்து விசில் பறந்தது. ஒருவன் கொச்சையாக ஏதோ கத்தினான். எனக்கு அழுகை முட்டியது. அப்பா எழுந்தார். வீட்டுக்குத்தான் கூப்பிடுகிறார் என்று நானும் எழுந்தேன்.

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார். "அது என் பொண்ணுபா. நல்லா பாத்துக்குங்க," என்றார் நிதானமாக. கொட்டகை அடங்கிவிட்டது.

அந்த ஸ்லைடு படத்தைப் பார்த்து மெட்ராஸிலிருந்து சேலை விளம்பர வாய்ப்புகள் வந்தன. பிறகு டிவி நாடகம், சினிமா. முதல் படப்பிடிப்புக்கு அப்பாதான் என்னை பஸ்ஸில் கூட்டிப் போனார்.

இன்று எனக்கு, நடிக்கக் கிளம்பும் மகளைத் தடுக்கிற அம்மா வேடம். "போகாதடி" என்ற ஒரு வார்த்தைக்கு மூன்று டேக் வாங்கினேன். எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்காத வார்த்தை அது.