ஒரு எட்டு முன்னால்

எழுபதுகளில் தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போகும் கேமராக்களுக்கென்றே ஒரு கடை இருந்தது. கடைக்காரர் என்னைவிட இளையவர், ஒல்லி. யாரோடு பேசினாலும் மூக்கு இடிக்கிற அளவுக்கு நெருங்கி வந்துவிடுவார்.

பொதிகை மலை ஏறப் போகிறேன், மலை முழுவதும் ஒரே படத்தில் அடங்க ஒரு வைட் ஆங்கிள் லென்ஸ் வேண்டும் என்றேன். அவர் ஒரு எட்டு முன்னால் வந்தார். நான் ஒரு எட்டு பின்னால் போனேன். இப்படியே பேசிப் பேசி வாசற்படிக்கு வந்துவிட்டோம்.

"சார், ஒங்களுக்கு இது வேண்டாம்."

"ஏன்?"

"நீங்க பின்னால போற ஆளு. இதுல தூரத்து மலையெல்லாம் உப்புக் குவியல் கணக்கா சிறுத்துப் போயிரும். காலடியில கெடக்க பாறைய ஒட்டி நின்னு எடுக்கணும். அப்பந்தான் படம்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த லென்ஸையே வாங்கிப் போய், பாறையை ஒட்டி நின்றே எடுத்தேன். கழுவி வந்த படத்தில் பாறை, மலை, மேகம் எல்லாம் அம்சமாக விழுந்திருந்தன. கீழ் ஓரத்தில் என் இரண்டு ஷூக்களின் நுனியும், சேற்றோடு.

வெட்கத்தோடு அவரிடம் காட்டினேன்.

"கிட்டப் போயி நின்னிருக்கீய சார்!" என்று சிரித்தவர், அதைக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார்.

"ஷூவையாவது வெட்டிருங்களேன்."

"அதை வெட்டுனா அப்புறம் என்ன சார் இருக்கு?"

என்ன சொல்ல வந்தாரோ, இன்றுவரை தெரியவில்லை. ஆனால் மலைக்குக் கிளம்பும்போதெல்லாம் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்கிறேன்.